ஆபீஸ் வீட்டுக்கு வந்த கதை: சென்னையின் பணியிட நகைச்சுவை

தாமாகத் தேர்ந்துகொள்ளாத சிலரோடு நாளுக்கு எட்டு மணி நேரம் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டிய நிலைதான் பணியிட நகைச்சுவையின் மூலப்பொருள். வீட்டில் கோபம் வந்தால் கத்தலாம். நண்பனோடு ஒத்துவராவிட்டால் அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொள்ளலாம். மேனேஜரிடம் இரண்டுமே முடியாது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, ‘சரி சார்’ என்று இருக்கைக்குத் திரும்புகிறவரின் முகத்தில்தான் இந்த வகைச் சிரிப்பு பிறக்கிறது. பார்ப்பவருக்கும் அதே முகம் மறுநாள் காலையில் காத்திருக்கிறது என்பதால் அது நெஞ்சில் தைக்கிறது.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி இந்த மூலப்பொருளை ஒரு தனி வகையாகவே வளர்த்தெடுத்தது. ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’ (1972–1985) ஒரு பழைய பாணிப் பல்பொருள் கடையின் துணிப் பிரிவில் நடக்கிறது. ‘ஃபால்டி டவர்ஸ்’ (1975, 1979) கடலோர ஊர் ஒன்றின் தங்கும் விடுதியிலும், ‘யெஸ் மினிஸ்டர்’ (1980–1984) அமைச்சரின் அலுவலகத்திலும் நடப்பவை. ‘தி ஆஃபீஸ்’ (2001–2003) ஸ்லவ் என்னும் ஊரில் உள்ள காகித நிறுவனக் கிளையைக் களமாகக் கொண்டது. எழுதியவர்கள் பலர் அந்தந்த இடங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள். துணிக்கடைத் தொடரை எழுதியவர்களில் ஒருவரான ஜெரெமி லாய்ட் லண்டனில் துணிக்கடை விற்பனையாளராக வேலை செய்தவர். ‘தி ஆஃபீஸ்’ தொடரை எழுதியவர்களில் ஒருவரான ரிக்கி ஜெர்வைஸ், லண்டன் பல்கலைக்கழக மாணவர் சங்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். இத்தொடர்களில் பெரும்பாலும் யாரும் தப்பிப்பதில்லை. ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் விடுதிக்காரர் தொடங்கிய இடத்திலேயே, இன்னும் சற்றுக் கேவலமான நிலையில், நிற்கிறார்.

சென்னையில் இதற்கு இணையானது எது என்று தேடினால் முதலில் தென்படுவது தொலைக்காட்சி அல்ல, சபா நாடகம். மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், தி.நகர் வாணி மஹால், கிருஷ்ண கான சபா, ஆழ்வார்பேட்டை நாரத கான சபா ஆகிய மேடைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நகைச்சுவை நாடகங்களை எழுதியவர்களும் நடித்தவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஆனால் அந்த மேடையில் அலுவலகம் அலுவலகமாக வந்தது குறைவு. கூடத்துக்குள் நுழையும் மேலதிகாரியாக, மனைவியிடம் சொல்லும் பொய்யாக, தொலைபேசி மணியாக அது வீட்டுக்கு வந்தது. பிரிட்டிஷ் எழுத்தாளர் தப்ப முடியாத அறையாகப் பணியிடத்தைக் கண்டார் என்றால், சென்னை எழுத்தாளர் அந்த அறையை வீட்டில் கண்டார். ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் ஆராய வேண்டிய வினா.

ஆபீஸ் முடிந்து நாடகம் போடும் மரபு சென்னையில் பழையது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாஸ சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் படித்த, உத்தியோகம் பார்க்கும் மனிதர்கள். கூத்தாடி என்ற இழிசொல்லுக்கு அஞ்சாமல் வழக்கறிஞர்கள் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டது அன்றைய சென்னையில் சிறிய காரியம் அல்ல. முதலியாரே வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியானவர். அவருடைய ‘சபாபதி’யில் எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றி எஜமானனைக் கவிழ்க்கும் வேலைக்காரன், பின்னால் வந்த எத்தனையோ பியூன்களுக்கும் சமையற்காரர்களுக்கும் மூதாதை. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கியபோது டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அந்த இருவராக நடித்தனர். வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் என்ற உறவு தமிழ் நகைச்சுவைக்குள் இப்படி வீட்டுத் திண்ணை வழியாகத்தான் நுழைந்தது.

தேவன் ஆனந்த விகடனில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வின் நாயகன் ஒரு பாங்க் குமாஸ்தா. அசட்டு மூஞ்சி, யாரும் மதிக்காத இருக்கை, அதிகாரியின் எரிச்சல் என்று பணியிட நகைச்சுவைக்கு வேண்டிய எல்லாமே அங்கே தயாராக இருந்தன. ஆனால் தேவன் சாம்புவை வங்கியில் விட்டுவைக்கவில்லை. அதிர்ஷ்டம் அவனைத் துப்பறிவாளனாக்கி ஊரே கொண்டாடும்படி செய்துவிடுகிறது. குமாஸ்தாவைக் குமாஸ்தாவாகவே வைத்துச் சிரிக்கத் தமிழ் வாசகருக்கு மனம் வரவில்லை; அவன் மேலே வர வேண்டும் என்று அவர்கள் உள்ளூர விரும்பினார்கள். இந்த விருப்பம் பின்னும் பல இடங்களில் தலைகாட்டும்.

தமிழ் நகைச்சுவையில் மிகவும் புகழ்பெற்ற அலுவலகம் எது என்று கேட்டால், பழைய தலைமுறையில் பலரும் சொல்லும் பெயர் ‘மன்னார் அண்ட் கம்பெனி’. ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் தங்கவேலு தினமும் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். அந்தக் கம்பெனியில் மேனேஜர் என்று மனைவியாக வரும் எம். சரோஜாவை நம்ப வைத்திருக்கிறார். கம்பெனியும் இல்லை, வேலையும் இல்லை. இல்லாத அலுவலகத்தைப் பற்றி மனைவி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பதில் கட்டியாக வேண்டியிருப்பதுதான் காட்சி. வேலை என்பது வருமானம் மட்டும் அல்ல, வீட்டில் தலைநிமிர்ந்து உட்காரும் உரிமையும்கூட என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி தமிழில் அரிது. அலுவலகத்தைக் கண்ணில் காட்டாமலேயே அது வீட்டின்மீது செலுத்தும் அதிகாரத்தைக் காட்டிவிட்டதில் அந்தப் படத்தின் நகைச்சுவை உச்சம் தொட்டது. சாயம் வெளுக்கும் நேரத்துக்காகப் பார்ப்பவர் காத்திருக்கிறார். கூடவே வெளுத்துவிடக் கூடாதே என்றும் தவிக்கிறார்.

1950களிலும் 60களிலும் இந்த நகைச்சுவைக்கு நாற்றங்கால் ஆனவை அரசு அலுவலகங்களும் தனியார் நிறுவனங்களும். கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ ஆகியவற்றை எழுதினார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. ஊழியர்கள் போட்ட நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராக வந்து எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்ற பிறகுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. சோ ராமசாமி டி.டி.கே. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். காலையில் ஃபைல், மாலையில் ஒத்திகை. வேலையை விட்டால் சோறு இல்லை, மேடையை விட்டால் உயிர் இல்லை என்ற அந்த இரட்டை வாழ்வு, தினமும் ஒருவரை இரண்டு வேடம் போட வைத்தது. ஆள்மாறாட்டமும் இரட்டை வேடமும் சென்னை நகைச்சுவையின் நிரந்தரக் கருவிகள் ஆனதற்கு இந்த வாழ்க்கைமுறையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

‘சர்வர் சுந்தர’த்தை ‘ஃபால்டி டவர்ஸ்’ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இரண்டும் வந்தவருக்குச் சோறு பரிமாறும் இடத்தில் தொடங்குபவை. ஆங்கிலத் தொடரில் பணியாளர் மானுவல் கடைசிவரை அடிவாங்கும் பணியாளர்தான். 1964இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் வெளியான தமிழ்ப் படத்தில் சுந்தரம் ஓட்டலை விட்டு வெளியேறுகிறான், சினிமா நட்சத்திரமாகிறான். அப்போதும் காதல் கைகூடுவதில்லை, தாயையும் இழக்கிறான். டம்ளர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வரும் அந்த உடம்பின் லாவகத்தில் பணியிட நகைச்சுவை முழுமையாக இருக்கிறது. ஆனால் கதை அதோடு நிற்க மறுக்கிறது. உழைப்பவனின் ஆசையையும் அவன் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட பாலசந்தருக்கு இயலவில்லை. ‘எதிர்நீச்சல்’ நாயகன் மாதுவும் அப்படித்தான். பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிறவன் அவன். சென்னைக்கே உரிய ஒண்டுக்குடித்தனம், பிரிட்டிஷ் தொடர்களின் ஆபீஸ் அறைக்கு நேர்ச் சமானம்: தேர்ந்தெடுக்காத அண்டை மனிதர்கள், பொதுக் குழாய், ஒட்டுக்கேட்கும் சுவர், ஒருவர் தயவில் மற்றவர் வாழும் அடுக்கு. அப்படி ஓர் இடம் ஏற்கெனவே கையில் இருந்ததால், பூட்டிய அறையைத் தேடி எழுத்தாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

சபாக்களின் நடைமுறையும் இதே திசையில் தள்ளியது. உறுப்பினர் சந்தாவால் நடந்த அமைப்புகள் அவை. பாட்டி, பேரன், புதிதாக வந்த மருமகள் என்று குடும்பத்தோடு வந்து உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் புரிய வேண்டும், யாரும் நெளியக் கூடாது. வங்கிக் கவுண்டரின் உள்விவகாரம் பாட்டிக்குப் புரியாது. மேனேஜர் சாப்பாட்டுக்கு வருகிறார் என்றால் புரியும். குழுக்கள் ஒரே வாரத்தில் பல சபாக்களுக்குப் போக வேண்டியிருந்ததால், வண்டியில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சோபா, ஒரு போன், இரண்டு மூன்று வாசல்கள் கொண்ட ஹால் செட்டே எல்லா நாடகத்துக்கும் பொதுவாயிற்று. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் மேலும் ஆறும் நாட்டுடைமையானபின், நிலையான சம்பளமும் குறித்த நேரத்தில் வீடு திரும்பும் வழக்கமும் கொண்டவர்கள் பெருகினார்கள். மாலை ஏழு மணி நாடகத்தின் இருக்கைகளை நிரப்பியவர்கள் அவர்கள்தான். சி.எல்., மெமோ, டிரான்ஸ்ஃபர், இன்க்ரிமெண்ட் என்ற சொற்கள் விளக்கம் இல்லாமலே சிரிப்பை எழுப்பின.

இந்த மரபின் முழுமையான வடிவம் 1981இல் வந்த ‘தில்லு முல்லு’. ‘கோல்மால்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. பாலசந்தர் இயக்க, விசு எழுதினார். தேங்காய் சீனிவாசனின் முதலாளிக்கு மீசை இல்லாதவன்மேல் நம்பிக்கை கிடையாது, விளையாட்டுப் பிரியர்களைக் கண்டால் ஆகாது. ரஜினிகாந்தின் நாயகன் தாயைக் காரணம் காட்டி லீவு வாங்கிக்கொண்டு கால்பந்தாட்டத்துக்குப் போகிறான். அங்கே முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். அந்தக் கணத்திலிருந்து ஒரு மீசையில்லாத தம்பி பிறக்கிறான், வாடகைக்கு ஒரு தாய் தேவைப்படுகிறாள், ஆபீஸில் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வீடு முழுக்க நடிக்க வேண்டியதாகிறது. ‘கல்யாணப் பரிசி’ல் வீட்டுக்காக ஆபீஸ் இட்டுக்கட்டப்பட்டது. இங்கே ஆபீஸுக்காக வீடு இட்டுக்கட்டப்படுகிறது. ஊழியரின் குணத்தை மீசையையும் சட்டையையும் வைத்து அளக்கும் முதலாளி கோமாளியாகத் தெரிந்தாலும், நேர்காணலுக்காகத் தன்னை மறைத்துக்கொள்ளும் இளைஞனின் நிலை உண்மையானது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த ஆண்டுகளில் படம் ஓடியதை மறந்துவிட்டு அதன் ஈர்ப்பை விளக்க முடியாது.

கிரேசி மோகன் இந்த வழியை மேலும் நுணுக்கமாக்கினார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து சுந்தரம் கிளேட்டனில் பொறியாளராக இருந்தவர். எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்கு 1976இல் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவருக்குப் பெயரின் முன்னொட்டைக் கொடுத்தது. 1979இல் ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ உருவாயிற்று. அவருடைய நாயகன் எந்த நாடகத்திலும் மாதுதான், நாயகி ஜானகிதான். பெயர்களை மாற்றாமல் வைத்ததால் பார்ப்பவருக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். தலைப்புகளில் ஆங்கிலம் இருந்தது தற்செயல் அல்ல. சோவின் ‘இஃப் ஐ கெட் இட்’, மௌலியின் ‘ஃப்ளைட் 172’, மோகனின் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ எல்லாம் பகல் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதி மாலையில் தமிழில் பேசும் மனிதரின் மொழி. ஒரு சொல்லை எதிராளி வேறு பொருளில் பிடித்துக்கொள்ள, அடுத்தவர் அதையும் திருப்ப, மூன்றாம் பேச்சில் அரங்கு அதிரும். இந்தச் சொல்விளையாட்டின் வேகத்தை ‘வெறும் கடி’ என்று ஒதுக்குவது நியாயமாகாது; மேலதிகாரி முன்னால் நேராகப் பேச முடியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் தீட்டிய திறமை அது. ‘அவ்வை சண்முகி’யில் (1996) மோகனின் வசனத்தோடு பணியிடமும் வீடும் முற்றாக ஒன்றாகின்றன. மகளைப் பார்க்கத் தகப்பன் தன் மாமனார் வீட்டிலேயே மாமி வேடத்தில் வேலைக்குச் சேருகிறான்.

ஓய்வு பெற்றவரும் இந்த மேடையில் முக்கியமான மனிதர். சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் பூர்ணம் விஸ்வநாதன் ஏற்ற சீனிவாசன், பணி ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் எதிர்கால மனிதன் ஒருவன் வந்து நிற்க, வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். அலுவலகம் கொடுத்திருந்த மரியாதை போனபின் ஒருவர் சொல்லை வீட்டில் யார் நம்புவார்கள் என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கிறது.

அலுவலகத்தை அலுவலகமாகவே வைத்து, யாரையும் தப்பவிடாமல் எழுதிய மேதை சென்னையில் ஒருவர் இருந்தார். அவர் நாடகக்காரர் அல்ல. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை செய்தார். நாளிதழ்களிலிருந்து செய்திகளை வெட்டிச் சேர்ப்பது அவர் பணியின் ஒரு பகுதி. தாளைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இவருக்கு வேலையே இல்லை என்று முடிவு செய்து உபதேசம் செய்ய வந்ததை அவர் பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நினைவுகளில் சொல்கிறார். ராபர்ட் கிளைவின் குதிரைலாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் ஒப்பனைத் துறை. அங்கே தலைமை ஒப்பனைக்காரர் நாயக நாயகிக்கும், மூத்த உதவியாளர் இரண்டாம் நாயகருக்கும், இளைய உதவியாளர் நகைச்சுவை நடிகருக்கும், கூட்டத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ‘ஆபீஸ் பாய்’ என்று அடுக்கு இருந்தது. அந்த ஆபீஸ் பாய் பையன் அல்ல, நாற்பதைத் தாண்டியவர். நட்சத்திரமாகும் கனவோடு வந்து, கூட்டத்தாருக்கு வாளியில் வண்ணம் பூசிக்கொண்டிருக்கும் அவர், தன் தோல்விக்கெல்லாம் அதே ஸ்டூடியோவின் எழுத்தாளர் கொத்தமங்கலம் சுப்புவே காரணம் என்று நம்பினார். பதவிக்கும் ஆசைக்கும் இடையில் கிடந்து கசந்துபோன இந்த மனிதரை ‘தி ஆஃபீஸ்’ பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அசோகமித்திரன் அவரைக் கேலி செய்யவில்லை, உயர்த்தவும் இல்லை. பார்த்தபடி எழுதினார். பல ஆண்டுகள் தி.நகர்வாசியாக இருந்த அவரிடமிருந்து சபா மேடை இதைக் கற்றுக்கொள்ளாமல் போனது பெரிய இழப்பு.

‘யெஸ் மினிஸ்டர்’ போன்ற ஒன்று தமிழில் உருவாகாததும் கவனிக்கத்தக்கது. இந்தியில் அது 2001இல் ‘ஜி மந்த்ரிஜி’ என்று ஃபாரூக் ஷேக் நடிக்க வந்தது. சென்னையில் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1968) அரசியலைத் துணிந்து கேலி செய்தது; ஆனால் அதன் இலக்கு பதவியும் அதைத் தேடி அலைகிறவர்களும். குறிப்பெழுதி அமைச்சரையே திசைதிருப்பும் செயலாளர் என்னும் பாத்திரம் தமிழ் மேடையில் வேர்விடவில்லை. கோட்டையின் உட்புறம் அறிந்தவர்கள் அரங்கில் இருந்தார்கள். எழுதுவதற்குத்தான் வழி இல்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசை வெளிப்படையாக விமர்சிப்பதைத் தடுக்கின்றன. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்ட வேண்டிய 1954ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருந்தது. அதன் பிரிவுகளை 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது.

தி.நகரின் துணிக்கடைகள் ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு?’வுக்கு நேரான களம். அங்கிருந்து தமிழில் எழுந்த பெரிய படைப்பு நகைச்சுவையாக இல்லை. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) ரங்கநாதன் தெருக் கடையொன்றில் தென்மாவட்ட இளைஞர்கள் நாள் முழுக்க நின்று வேலை செய்து விடுதியில் நெருக்கிப் படுத்துறங்கும் வாழ்வைச் சொன்னது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காரும் உரிமையே சட்டத்தால் வர வேண்டிய இடத்தில், மேலாளரைக் கண்டு சிரிக்கும் அவகாசம் ஊழியருக்குக் குறைவு. சபா நகைச்சுவை மயிலாப்பூர்–மாம்பலம் நடுத்தர வர்க்கத்தின், பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களின், கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் ‘ஆபீஸ்’ மின்விசிறியும் நாற்காலியும் உள்ள ஆபீஸ். துறைமுகமும் ஆலையும் அங்காடியும் அதில் இடம்பெறவில்லை.

தொலைக்காட்சி வந்தபின் மரபு கைமாறியது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது சபா நாடகக் குழுக்களே அதற்கு நாடகம் தந்தன. காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வீட்டுத் திரைகளுக்கு வந்தார். வீட்டிலேயே நாடகம் கிடைத்ததும் சபா நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. 1993இல் சன் டிவி வந்து, தொடர்கள் நெடுந்தொடர்களான பிறகு, ‘கம்பெனி’ என்பது பெரும்பாலும் சொத்துச் சண்டையின் பெயராகிவிட்டது. அங்கே யாரும் வேலை செய்து பார்த்ததாகவே தெரியாது.

தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறக்கப்பட்டது. அடையாறு, திருவான்மியூர் வீடுகளின் அடுத்த தலைமுறை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேப் ஏறிப் போனது. லீவுக்காக இவர்கள் பொய் சொல்ல வேண்டிய முதலாளி இல்லை; டீம் லீட் இருக்கிறார், அப்ரைசல் இருக்கிறது, ‘பெஞ்ச்’ (வேலை ஒதுக்கப்படாமல் காத்திருப்பது) என்ற அச்சம் இருக்கிறது. விஜய் டிவியில் 2013இல் தொடங்கிய ‘ஆபீஸ்’ ஐ.டி. நிறுவனத்தையே களமாக வைத்துத் தமிழ்த் தொடரின் சமையலறையிலிருந்து சற்று வெளியே வந்தது. ஆஹா தளத்தில் 2023இல் வந்த ‘வேற மாறி ஆபீஸ்’ அதே வழியில் நடந்தது. காதலும் நட்பும் மையத்தைப் பிடித்துக்கொள்வதால் வேலையின் உண்மையான சலிப்பு இவற்றில் ஓரமாகவே இருக்கிறது. ‘பரிதாபங்கள்’ கோபியும் சுதாகரும் யூடியூபில் போடும் குறும்பதிவுகளில் அது கூடுதலாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் இரண்டே பேர் வேடங்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்; ஒரே முகம் அதிகாரியாகவும் அடிபணிபவராகவும் தெரிகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஐ.டி. ஊழியரின் மடிக்கணினி சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மேலதிகாரியின் குரல் கூடத்தில் கேட்க, பின்னால் குக்கர் விசிலடிக்க, ‘மியூட்’ போட மறந்தவர்கள் பிடிபட்டார்கள். கைப்பேசித் திரைகளில் அந்த மாதங்களில் சுற்றிய நகைச்சுவைகளில் பல இதைப் பற்றியவை. ஒரு கூடம், ஒரு தொலைபேசி, எந்த நேரமும் உள்ளே வரக்கூடிய மேனேஜர்: வாணி மஹால் மேடையில் வெகுகாலம் நின்ற அதே செட்.